திலாப்பியா தீனியில் அமிலம் பலிக்காமல் போனது ஏன்? கொத்மலைப் பக்கத்துக் குளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தேயிலை மலைக்குக் கீழே, பீலித் தண்ணீர் வந்து விழும் ஒரு மண் குளம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரம், 200 சதுர மீற்றர் பரப்பு, சராசரி ஆழம் 1 மீற்றர். உள்ளே 500 திலாப்பியா, ஒவ்வொன்றும் சுமார் 80 கிராம். மொத்த மீன் எடை 40 கிலோ என்பதால் 3% கணக்கில் நாளொன்றுக்கு 1.2 கிலோ தீனி போகிறது.

இலங்கை மலையகத்தின் கொத்மலை, பூண்டுலோயா, புசல்லாவைப் பக்கங்களில் உள்ளது போன்ற சிறு குளங்களின் அமைப்பையும் அங்கே நேரக்கூடிய தவறுகளையும் ஒன்றாகச் சேர்த்து, கணக்குப் போட வசதியாக அளவுகளை வகுத்துக்கொண்ட மாதிரி நிகழ்வு இது. தனி ஒருவரின் பண்ணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முறைப்பாடு இதுதான். குடல் பக்டீரியாவைக் குறைக்கவென்று தீனியில் கிலோவுக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் ஆறு வாரமாகச் சேர்க்கப்படுகிறது. வளர்ச்சியில் மாற்றம் தெரியவில்லை. மீனின் மலம் வெள்ளை நூல் போல நீண்டு தொங்குகிறது. மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் ஒன்றிரண்டு செத்து மிதக்கின்றன. அமிலம் சேர்த்ததால்தான் தண்ணீர் கெட்டுப்போனது என்று வீட்டில் ஒரு கட்சி. அமிலம் வெறும் காசுச் செலவு என்று இன்னொரு கட்சி.

10 கிலோ தீனிக்கு இவர்கள் கலப்பது: தவிடு 4 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 2.5 கிலோ, சோயாத் தூள் 2 கிலோ, கருவாட்டுத் தலைத் தூள் 1.2 கிலோ, டொலமைட் (கல்சியம் மக்னீசியம் காபனேட் கல்தூள்) 200 கிராம், விற்றமின் கனிமக் கலவை 100 கிராம். இதோடு சிட்ரிக் அமிலம் 50 கிராம். தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் குளத்தில் போடுகிறார்கள்.

இந்தப் பட்டியலிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அதைப் பார்க்குமுன், அமிலம் மீனின் வயிற்றில் என்ன செய்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

அமிலம் வேலை செய்யும் இடம்

போமிக், அசற்றிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக், லக்டிக், சிட்ரிக் எல்லாமே சேதன (கரிம) அமிலங்கள்தான். ஆனால் வேலை ஒன்றல்ல. போமிக், புரோப்பியோனிக் போன்ற சிறு மூலக்கூறு அமிலங்கள் பிரிகையடையாத முழு வடிவில் இருக்கும்போது பக்டீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே பி.எச் நடுநிலை என்பதால் அங்கே பிரிந்து ஐதரசன் அயனை விடும். அதை வெளியே தள்ளத் தள்ள பக்டீரியாவின் சக்தி கரைந்து, பெருக்கம் நிற்கிறது. மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் போன்ற கிராம் எதிர் பக்டீரியாக்களுக்கு இந்த அடி பலமாக விழும். லக்டிக் அமில பக்டீரியாக்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

பிரிகையடையாத வடிவம் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சுற்றியுள்ள பி.எச்தான் முடிவு செய்கிறது. போமிக் அமிலம் பி.எச் 3.75 இல் சரிபாதி முழு வடிவில் இருக்கும். 4.75 இல் அது 9% ஆகும். 5.75 இல் 1%, 6.75 இல் 0.1%. பி.எச் ஒரு படி ஏறும்போது பலன் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே சாதாரண அமிலத்துக்கு வேலைக்களம் இரைப்பையும் அதை ஒட்டிய குடலின் முன்பகுதியும்தான். திலாப்பியாவின் இரைப்பை மிகக் கடுமையான அமிலத்தன்மைக்குப் போகக்கூடியது; தீனி உள்ளே இருக்கையில் பி.எச் 2க்கும் கீழே இறங்குவதுண்டு. இந்த மீனுக்கு அமிலம் கொடுப்பதில் அர்த்தம் இருப்பது இதனால்தான்.

சிட்ரிக் அமிலத்தின் கதை வேறு. மூலக்கூறு பெரியது, மின்னேற்றத்தோடு திரிவது. பக்டீரியாவுக்குள் எளிதில் நுழையாது. அதன் பலம் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு, எலும்புத் தூளிலும் தவிட்டிலும் கட்டுண்டு கிடக்கும் பொஸ்பரஸை விடுவிப்பதில் இருக்கிறது. தவிட்டிலும் சோயாவிலும் உள்ள பொஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டேட் என்ற கட்டுண்ட வடிவில் இருப்பதால் மீனால் அதை நேரடியாகச் செரிக்க முடியாது. குடல் பக்டீரியாவைக் குறைக்க வேண்டுமென்று சிட்ரிக் அமிலம் வாங்கியதே முதல் பிசகு. நோக்கத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இல்லை.

டொலமைட்டின் கணக்கு

மலையகத்தில் டொலமைட் இல்லாத தோட்டம் இல்லை. தேயிலை மண்ணுக்குப் போடுகிறோம், குளத்துக்கும் போடுகிறோம், "கல்சியம் கிடைக்கும்" என்று தீனியிலும் ஒரு பிடி போடுகிறோம். இந்தத் தீனியில் அது கிலோவுக்கு 20 கிராம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை முழுமையாக நடுநிலையாக்கச் சுமார் 0.66 கிராம் டொலமைட் போதும். 5 கிராமுக்கு 3.3 கிராம். உள்ளே இருப்பதோ 20 கிராம், தேவையைப் போல ஆறு மடங்கு.

டொலமைட் மெதுவாகக் கரையும் பொருள்தான். ஆனால் ஈரமாகப் பிசைந்து அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு இரைப்பையின் அமிலத்திலும் ஊறும்போது அந்தத் தாமதம் பெரிய பாதுகாப்பாகாது. சேர்த்த அமிலத்தை முடித்துவிட்டு, மீன் தானாகச் சுரக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் தின்னத் தொடங்கும். இரைப்பை பி.எச் ஏறினால் புரதச் செரிமானமும் பின்தங்கும். அமிலம் சேர்க்காத பழைய தீனியிலும் இந்த நட்டம் இருந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

கருவாட்டுத் தலைத் தூளும் இதே வேலையை ஓரளவு செய்கிறது. தலையில் சதையைவிட எலும்பு அதிகம். எலும்புச் சாம்பல் அமிலத்தை உறிஞ்சும். கனிமக் கலவைப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். கல்சியம் காபனேட்டை நிரப்பியாக வைத்துத் தயாரிப்பது வழக்கம்.

இதைக் குளத்தங்கரையிலேயே பார்க்கலாம். 10 கிராம் தீனியை நன்றாகப் பொடித்து 90 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, 30 நிமிடம் விட்டு பி.எச் மானியால் அளக்க வேண்டும். மானியை 4, 7 ஆகிய இரு நியமக் கரைசல்களிலும் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். நிறத்தாள் இங்கே உதவாது, தவிட்டுக் கலங்கலில் நிறம் படிக்க முடியாது. அமிலம் சேர்த்த தீனியும் சேர்க்காத தீனியும் ஒரே பி.எச் காட்டினால், அமிலம் பாத்திரத்திலேயே செலவாகிவிட்டது. டொலமைட் கலந்த கலங்கலில் சிறு நுரை எழுவதும் உண்டு. காபனீரொட்சைட்டு வெளியேறுவதன் அடையாளம் அது.

உருண்டையிலிருந்து தண்ணீருக்கு

இரண்டாவது ஓட்டை, பிசைந்த உருண்டை. சிட்ரிக் அமிலமும் போமிக் அமில உப்புகளும் தண்ணீரில் விறுவிறுவென்று கரையும். ஒட்டுப்பொருள் இல்லாத உருண்டை குளத்தில் விழுந்த சில நிமிடங்களில் உதிர்ந்து மேகமாகப் பரவும். மீன் தவிட்டை மேயும், அமிலம் தண்ணீரோடு போய்விடும். தீனித் துண்டுகளை ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்துத் தண்ணீர் விட்டுப் போட்டுப் பார்த்தால் தெரியும். 10 நிமிடமாவது வடிவம் குலையாமல் நிற்காத தீனியில் எந்த அமிலத்தையும் சேர்த்துப் பயனில்லை.

குளிர்

திலாப்பியாவுக்கு உகந்த நீர் வெப்பநிலை 27 முதல் 30 பாகை செல்சியஸ். 20க்குக் கீழே பசி குன்றும்; 16ஐ நெருங்கும்போது தீனியைத் தொடாது. 900 மீற்றரில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைத் தண்ணீர் 20ஐத் தொடுவது அதிசயமில்லை. தின்னாத மீனுக்கு மருந்தும் போகாது, அமிலமும் போகாது. குளிர் நாட்களில் காலை ஏழு மணிக்குப் போட்ட தீனி அடியில் அழுகுவதுதான் மிச்சம். வெள்ளை நூல் மலமும் பெரும்பாலும் குடலில் தீனி இல்லாததன் அடையாளம். குடல் ஒட்டுண்ணியாலும் வரலாம். நுணுக்குக்காட்டியில் பாராமல் பக்டீரியாவின் தலையில் பழியைப் போடக்கூடாது.

இதில் இன்னொரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மாசியில் அமிலம் சேர்க்கத் தொடங்கியவர் சித்திரையில் மீன் வளர்ந்திருப்பதைக் கண்டு அமிலத்தைப் புகழ்வார். வளர்த்தது வெயில். கார்த்திகையில் தொடங்கியவர் அதே அமிலத்தை ஏசுவார். பக்கத்தில் அமிலம் சேர்க்காத மீனை ஒப்பீட்டுக்கு வைக்காத எந்த முடிவும் மலையகத்தில் செல்லாது.

மழைக்குப் பிறகு சாவது

அமிலத் தீனி குளத்தைப் புளிக்க வைத்ததா? கணக்கு இல்லை என்கிறது. 1.2 கிலோ தீனியில் 6 கிராம் சிட்ரிக் அமிலம். அது 200,000 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைந்தாலும் லீற்றருக்கு 0.03 மில்லிகிராம். பக்டீரியா அதை விரைவில் சிதைத்தும் விடும். மென்மையான பீலித் தண்ணீரில் காரத்தன்மை லீற்றருக்கு வெறும் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், குளம் முழுவதிலும் 4 கிலோ கல்சியம் காபனேட்டுக்குச் சமமான தாங்குசக்தி, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் சக்தி, இருக்கிறது.

உண்மையான அமிலம் மேலிருந்து வருகிறது. தேயிலைக்குப் பொருத்தமான மண்ணின் பி.எச் 4.5 முதல் 5.5 வரை, அமோனியம் சல்பேட் போன்ற உரங்கள் அதை மேலும் இறக்கும். பெருமழையில் அந்த மண்ணைக் கழுவி வரும் தண்ணீர், தாங்குசக்தி குறைந்த குளத்தில் பாய்கிறது. கலங்கலும் மேகமூட்டமும் சேர்ந்து பாசியின் ஒளித்தொகுப்பைக் குறைப்பதால் விடியற்காலையில் ஒட்சிசன் விழுகிறது. அடித்த மழை நின்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு பி.எச், கரைந்த ஒட்சிசன், வெப்பநிலை மூன்றையும் அளந்தால் சாவின் காரணம் பெரும்பாலும் அகப்படும். பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு முறை அளக்க வேண்டும், காரத்தன்மை குறைந்த குளத்தில் பாசி பெருகினால் பிற்பகல் பி.எச் 9ஐயும் தாண்டும்.

டொலமைட்டுக்கு உரிய இடம் இதுதான். தீனியிலிருந்து எடுத்ததைக் குளத்துக்குக் கொடுக்க வேண்டும். அளவோடு அமிலத்தன்மை உள்ள அடிமண்ணுக்கு எக்டேருக்கு 1 முதல் 2 தொன் என்ற கணக்கில், 200 சதுர மீற்றருக்கு 20 முதல் 40 கிலோ. குளம் வற்றியிருக்கும்போது அடியில் பரப்புவது சிறந்தது. மேட்டுப் பக்கத்தில் ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவது அதைவிட முக்கியம்.

செத்த மீனின் உடலில் சிவப்புத் திட்டு, வீங்கிய வயிறு, பிதுங்கிய கண் இருந்தால் பக்டீரியாத் தொற்றைச் சந்தேகிக்கலாம். பஞ்சு போல் வெள்ளைப் படிவு இருந்தால் குளிரில் வரும் பூஞ்சை. இரண்டுக்கும் தீனி அமிலம் சிகிச்சை அல்ல. அதன் வேலை தடுப்போடு சரி. உயிர் போகும் தறுவாயில் உள்ள மீனைத் தண்ணீரோடு பேராதனைப் பல்கலைக்கழக மிருக மருத்துவ பீடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவது, ஒரு மாதம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட மலிவு. செத்து மணிக்கணக்கான மீனில் வேறு பக்டீரியாக்கள் ஏறிவிடும், பரிசோதனைக்குப் பயன்படாது.

திருத்திய தீனி

10 கிலோவுக்கு: தவிடு 3.2 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ, வறுத்துப் பதப்படுத்திய சோயாத் தூள் 2.5 கிலோ, கருவாட்டுத் தூள் 1.6 கிலோ, கோதுமை மா அல்லது மரவள்ளி மா 500 கிராம், மொனோகல்சியம் பொஸ்பேட் 100 கிராம், விற்றமின் கனிமக் கலவை 100 கிராம். பழைய கலவையின் புரதம் சுமார் 24%, இதில் 27% அளவுக்கு ஏறும். மொனோகல்சியம் பொஸ்பேட் தானே சற்று அமிலத்தன்மை உடையது, பொஸ்பரஸும் எளிதில் கிடைக்கும். கருவாட்டுத் தூளில் தலை குறைவாகவும் சதை அதிகமாகவும் இருக்கட்டும். உப்புக் கருவாடானால் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தே அரைக்க வேண்டும்.

அமிலமாக பொட்டாசியம் டைபோமேட் 30 கிராம், அதாவது கிலோவுக்கு 3 கிராம். இது போமிக் அமிலத்தின் உப்பு. கையைச் சுடும் திரவம் அல்ல, தூள். இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள அமிலம் இதைப் போமிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. திலாப்பியாவில் பரிசோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் கிலோவுக்கு 2 முதல் 5 கிராம் வரையான வரம்பில் நடந்தவை. முடிவுகள் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் சிவப்புக் கலப்பினத் திலாப்பியாவில் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வில் மலத்தில் பக்டீரியா குறைந்தது, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றில் சாவும் குறைந்தது. வளர்ச்சியில் திட்டவட்டமான வேறுபாடு காணப்படவில்லை. வளர்ச்சியை மட்டும் எதிர்பார்த்து அமிலம் வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கலக்கும் முறை. 30 கிராமை நேரே 10 கிலோவில் கொட்டினால் ஒரு மூலையில் கிடக்கும். முதலில் 500 கிராம் தவிட்டோடு, பிறகு 2 கிலோவோடு, பிறகு மீதியோடு எனப் படிப்படியாகக் கலக்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக் பேசின். தகர வாளி வேண்டாம். மாவை 3 லீற்றர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஊற்றிப் பிசைந்து, இறைச்சி அரைக்கும் மெஷினில் 3 மில்லிமீற்றர் துளை வழியே இழையாகப் பிழிந்து, நிழலில் ஒரு விரல் கனத்துக்கு மேல் இல்லாமல் பரப்பிக் காயவைக்க வேண்டும். பழைய உரச் சாக்கில் பரப்பும் பழக்கம் ஆபத்தானது, தையலில் ஒட்டியிருக்கும் உரம் தீனிக்கு வரும்.

மலையில் கஷ்டம் காயவைப்பதில்தான். மூடுபனி நாளில் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். தராசை நம்புங்கள்: 10 கிலோ மூலப்பொருள் மறுபடி ஏறத்தாழ 10 கிலோவுக்கு வரும்வரை காய வேண்டும். 11 கிலோவில் மூட்டை கட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இதற்காகக் கல்சியம் புரோப்பியோனேட் 20 கிராம் சேர்ப்பது நல்லது. ஈரலிப்பான எங்கள் காலநிலையில் சேதன அமிலங்களின் மிக நிச்சயமான பலன் இதுவென்றே கருதுகிறோம். தேங்காய்ப் புண்ணாக்கு பூஞ்சண நச்சுக்கு எளிதில் இடங்கொடுக்கும் பொருள். ஆனால் புரோப்பியோனேட் பூஞ்சணத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உண்டான அஃப்ளடொக்ஸினை அழிக்காது. மக்கல் வாடை வந்த புண்ணாக்கை அமிலத்தால் காப்பாற்றப் பார்க்கக் கூடாது.

கடைத் தீனி வாங்குவோர் மேலே பூசலாம். 10 கிலோவுக்கு 30 கிராமை 250 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, நிழலில் உலர்த்தி, பிறகு 150 மில்லிலீற்றர் எண்ணெயால் புரட்டினால் கரைந்து போவது குறையும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைவதால் மலையகத்துக் காலையில் கட்டியாக நின்று சீராகப் பிடிக்காது. சோயா எண்ணெய் பாவிக்கலாம்.

புது வாடைக்கு மீன் தயங்கினால் மூன்று நாள் கிலோவுக்கு 1 கிராம், மூன்று நாள் 2 கிராம், பிறகு 3 என ஏற்றலாம். தீனி நேரம் முற்பகல் பத்தரை, பிற்பகல் இரண்டரை. தண்ணீர் 20க்குக் கீழே போன நாளில் பாதி அளவு.

றப்பர் அசிட்டும் வினாகிரியும்

யட்டியாந்தோட்டை, கேகாலைப் பக்கம் றப்பர் பாலை உறைய வைக்கப் போமிக் அமிலம் பாவிக்கிறார்கள். "அதுவும் போமிக் தானே" என்று தீனியில் ஊற்றும் எண்ணம் வருவது இயல்பு. வேண்டாம். அது தொழிற்சாலைத் தரம். உறைபொருள் என்ற பெயரில் கந்தக அமிலம் கலந்தவையும் றப்பர் நாடுகளில் புழங்குகின்றன. செறிந்த போமிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். தீனியைக் காயவைக்கும்போது கணிசமான பங்கு ஆவியாகியும் போகும்.

வினாகிரியும் தோதுப்படாது. 4% வினாகிரியில் கிலோ தீனிக்கு 5 கிராம் அசற்றிக் அமிலம் வேண்டுமென்றால் 125 மில்லிலீற்றர் ஊற்ற வேண்டும். 10 கிலோவுக்கு ஒன்றேகால் லீற்றர். துண்டுத் தீனி ஊறி உதிரும்.

திரவ போமிக் அமிலத்துக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: மீன் கழிவை அமிலத்தில் பதப்படுத்தல். தீனித் தரமான 85% அமிலம் 3.5 லீற்றரை, நன்றாக அரைத்த 100 கிலோ கழிவோடு கலந்து, பி.எச் 4க்குக் கீழே இருப்பதை உறுதி செய்து, தினமும் கிளறினால் கழிவு கூழாகும். கையுறை, கண்ணாடி கட்டாயம். நீர்க்க வேண்டியிருந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. குளிரில் கூழாக அதிக நாள் எடுக்கும். இந்தக் கூழைத் தீனியில் 10% சேர்த்தாலே கிலோவுக்கு 3.4 கிராம் அளவில் போமிக் அமிலம் வந்துவிடுகிறது. அதற்குமேல் டைபோமேட் சேர்ப்பது வீண்.

கெண்டைக்கும் டிரவுட்டுக்கும்

மேல்மலை நீர்நிலைகளில் விடப்படும் கார்ப் கெண்டைக்கு இரைப்பையே இல்லை. குடலின் பி.எச் நடுநிலையை ஒட்டியே இருக்கும். திலாப்பியாவுக்குச் சொன்ன எதிர்பார்ப்பை அதன்மேல் வைக்க முடியாது. கெண்டைக்குக் கொடுப்பதானால் குடலின் பின்பகுதி வரை போய்க் கரையும் வண்ணம் கொழுப்புப் பூசிய சோடியம் பியூட்டிரேட்டைப் பரீட்சிக்கலாம். பியூட்டிரேட் குடற்கலங்களுக்கே எரிபொருளாகிறது.

டிரவுட்டுக்கு இரைப்பை உண்டு. அதன் தீனியில் மீன்தூள் அதிகம் என்பதால் பொஸ்பரஸும் அதிகம் வெளியேறும். அங்கே சிட்ரிக் அமிலத்துக்கு உரிய வேலை இருக்கிறது. மீன் பொஸ்பரஸை உடலில் எடுத்துக்கொண்டால் ஓடைக்குப் போவது குறையும்.

பலித்ததா என்று பார்க்க

குளத்துக்குள் வலைக்கூடு நான்கு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மீன் 25 விட்டு, இரண்டுக்கு அமிலத் தீனி, இரண்டுக்கு அதே கலவையில் அமிலமில்லாத தீனி. எட்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலையில் தீனிக்கு முன் எடை. போட்ட தீனியை எழுதி வைத்து, கூடிய எடையால் வகுத்தால் தீனி மாற்று விகிதம் கிடைக்கும். ஒரே வகைக் கூடுகள் இரண்டுக்குள் இருக்கும் வித்தியாசம், அமிலக் கூட்டுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் எதையும் முடிவு கட்ட முடியாது.

காசுக் கணக்கு இப்படி. விகிதம் 1.8 இலிருந்து 1.7 ஆக இறங்கினால் ஒரு கிலோ மீனுக்கு 100 கிராம் தீனி மிச்சம். அந்த ஒரு கிலோவுக்குச் செலவான அமிலம் 1.7 கிலோ தீனியில் கிலோவுக்கு 3 கிராம் வீதம் 5.1 கிராம். ஆகவே ஒரு கிலோ அமிலத்தின் விலை ஒரு கிலோ தீனி விலையின் இருபது மடங்குக்குக் கீழே இருக்கும்வரை வளர்ச்சிக் கணக்கிலேயே கட்டுப்படியாகும். விகிதம் அசையாமல் சாவு மட்டும் குறைந்தால், தப்பிய மீனின் எடையை விற்பனை விலையால் பெருக்கி அமிலச் செலவோடு ஒப்பிட வேண்டும். குளிர் மாதங்களில் மீன் தின்பதே குறைவு என்பதால் அமிலத்தை அப்போது நிறுத்தி, தண்ணீர் 22 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு மறுபடி தொடங்கலாம்; புரோப்பியோனேட்டை மட்டும் நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் சேர்க்க வேண்டும்.